தண்ணீரைப் பற்றிக் கேட்காதவர்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விருமாண்டியிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஜாதகம், படிப்பு, வேலை இதெல்லாம் தரகர் சங்கிலியின் பாடு. அந்தக் குடும்பம் உண்மையில் எப்படிப்பட்ட குடும்பம் என்று போய்த் துப்பு விசாரித்து வருவது விருமாண்டியின் பாடு. சொந்தபந்தத்தில் இருபத்தைந்து வருடங்களாக இதுதான் ஏற்பாடு. போய்விட்டு வந்து அவர் "சரி" என்றால் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள். "ஆனா..." என்று இழுத்தால் அத்தோடு அந்தச் சம்பந்தம் போச்சு. அந்த "ஆனா"வுக்குப் பயந்து அவருக்குத் தெரியாமலேயே பூ வைத்து முடித்த வீடுகளும் உண்டு. அவர்களோடு இன்றுவரை அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆளுக்கு வயது அறுபத்தொன்று. பஸ் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்து டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் ஜனங்களின் கையையும் பையையும் பார்த்தே சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்றதும் பார்ப்பதை நிறுத்திவிடுவாரா என்ன? வீட்டு வாசலில் ஒரு கேமரா, தெருமுனைக் கம்பத்தில் ஒரு கேமரா. இரண்டும் அவர் செலவு. தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கும் அவர்தான் அட்மின். தெருவுக்குள் புதிதாக ஒரு நாய் நுழைந்தாலும் அதன் படம் குழுவில் வந்துவிடும்.

இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததில்லை. அதற்கான காரணம் அவர் வீட்டிலேயே அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா அன்னக்கொடியை முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல நிலம், நல்ல உயரம், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, அடுத்த தெருவில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் ஒரு பிள்ளையும் இருப்பது. பதினோரு மாதத்தில் அக்கா திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய பாத்திரம் பண்டத்தை எடுத்து வரப் போன விருமாண்டி, வண்டி வரும்வரை அந்த ஊர் சைக்கிள் கடை வாசலில் நின்றார். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், "இது இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான தம்பி. ஒருத்தரும் வந்து கேக்கலையே."

அந்த ஒரு வாக்கியம் விருமாண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கேட்பதே அவருக்கு வேலையாகிப்போனது.

கேட்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. பெரிய மனிதர்களிடம் போக மாட்டார். தலைமையாசிரியர், கவுன்சிலர், டாக்டர் எல்லாம் வார்த்தையை அளந்து பேசுகிற கூட்டம். துணி தேய்ப்பவர், பால்காரர், முடி வெட்டுபவர், சிலிண்டர் தூக்கி வருபவர், இவர்களிடம்தான் போவார். ஒரு வீட்டின் கதவு இவர்களுக்குப் பாதியாவது திறக்கும், பாதிக் கதவு வழியே பார்த்தால் முழு வீடும் தெரியும் என்பது அவர் கட்சி. போனதும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க மாட்டார். "இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு கெடைக்குமா?" என்று ஆரம்பிப்பார். வீடு தேடுகிறவனிடம் அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லாத மனிதர் மதுரை ஜில்லாவில் இல்லை.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். அதைக் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது இளவட்டங்களுக்குச் சொல்வார். "மாப்ள, உக்காந்து பேசும்போது சொல்றதெல்லாம் மரியாதைக்குச் சொல்றது. நீ கெளம்புனதுக்கு அப்புறம் பின்னாடியிருந்து கூப்புட்டு ஒண்ணு சொல்லுவான் பாரு, அதத்தான் நம்பணும்."

சும்மா சொல்லக் கூடாது, இந்த முறையால் நல்லதும் நடந்திருக்கிறது. பெரியப்பா மகன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு இடம் வந்தது. சிலைமான் பக்கம். பையன் கம்பெனி வேலை, பார்க்க லட்சணம். அந்தத் தெரு சலூன்காரர் பையனை ஒரு குறை சொல்லவில்லை. விருமாண்டி படியிறங்கும்போதுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெனமும் நம்ம கடைக்குத்தாண்ணே ஷேவிங்குக்கு வருவாப்ல. கை நடுங்கும், வீட்ல பண்ணிக்க முடியாதாம்" என்றார். இருபத்தாறு வயதுப் பையனுக்கு எதற்குக் கை நடுங்குகிறது? தோண்டிப் பார்த்தால் காலை எட்டு மணிக்கே பாட்டில். ஒரு சலூன்காரரின் வாய் வார்த்தையில் ஒரு பெண் தப்பித்தாள். குடும்பமே விருமாண்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. தன் மகள் சுபலட்சுமிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது, மனிதருக்குக் காதெல்லாம் சந்தேகமாகிவிட்டது.

முதலில் வந்த இடத்தைப் பற்றி சிலிண்டர்காரர், "அந்த வீட்ல யாரும் சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல சார்" என்றார். சத்தமே வராத வீட்டில் எதை மூடி வைத்திருக்கிறார்களோ என்று அதைத் தள்ளிவிட்டார். கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு பையனைப் பற்றி ஜூஸ் கடைக்காரர், "தம்பி ரொம்பக் கலகலப்பு" என்றார். ஜூஸ் கடையில் ஒருவனுக்கு அம்புட்டுக் கலகலப்பு எதற்கு என்று அதையும் தள்ளினார். இன்னொரு பையனைப் பற்றிக் கேட்டபோது ரேஷன் கடைக்காரர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார். அந்தத் தாமதத்தை வைத்தே "ஆனா" போட்டார் விருமாண்டி. ரேஷன் கடைக்காரரின் வாயில் அந்நேரம் வெற்றிலை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பையன் இன்றைக்கு வேறு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கிறான். இப்படியாக ஏழு இடம். சுபலட்சுமிக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது.

சுபலட்சுமி மதுரைக்குள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போய் மாலை ஆறு மணி பஸ்ஸில் திரும்புவாள். அம்மா இறந்து எட்டு வருடமாகிறது. வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். அமைதியான பெண் என்று விருமாண்டிக்குப் பெருமை. ஏழு முறையும் அப்பா "ஆனா" என்று இழுத்தபோது, எதுவும் சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

எட்டாவதாக வந்தது திருப்பரங்குன்றத்து இடம். பையன் அசோக்குமார், ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அப்பா இல்லை, அம்மா மட்டும். கோவில் மண்டபத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். இருவரும் கால் மணி நேரம் தனியாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்த சுபலட்சுமி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அப்பா, இந்தத் தடவ யாராவது நல்லவருன்னு சொன்னா, அதையும் கொஞ்சம் நம்புங்கப்பா."

அவள் உள்ளே போனதும் அன்னக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். "தம்பி, அவளுக்குப் புடிச்சிருக்குடா. மூஞ்சியப் பாத்தாத் தெரியல? எனக்கு விசாரிக்காமக் கெட்டுச்சு. இவளுக்கு விசாரிச்சு விசாரிச்சே கெடுத்துராத."

விருமாண்டிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கால் மணி நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிடித்துவிடுகிற மாதிரிப் பேசியிருக்கிறான் என்றால், அந்தப் பையன் எம்புட்டுப் பழகிய ஆளாக இருப்பான் என்ற யோசனையும் கூடவே வந்தது.

அந்த வாரத்திலேயே இன்னொரு சமாச்சாரம் நடந்தது. ஒரு மத்தியானம் கையில் பெரிய துணிப்பையோடு ஒரு பெண் தெருவுக்குள் வந்து, "இங்க இஸ்திரி வண்டி போட்டா துணி கெடைக்குமாண்ணே?" என்று கேட்டாள். "எந்த ஊரு? ஆதார் இருக்கா? பையில என்ன?" என்று விருமாண்டி அடுக்க ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். சிரித்தது அவருக்குச் சரியாகப் படவில்லை. "எடம் கெடையாது, போ போ" என்று விரட்டிவிட்டு, போகும்போது ஒரு படமும் எடுத்துக் குழுவில் போட்டார். 'இந்தப் பெண் நம் தெருவில் வேவு பார்க்கிறார். பெரிய பை. அனைவரும் உஷார்.' எதிர்வீட்டு வெள்ளைத்துரை உடனே இரண்டு கும்பிடு போட்டு நன்றி தெரிவித்தான். அவன் விருமாண்டிக்கு மைத்துனன் முறை. முந்தின வருடம் அவனைப் பாம்பு கடித்தபோது, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவர் விருமாண்டி. அதிலிருந்து அவர் எது சொன்னாலும் வெள்ளைத்துரை கும்பிடுதான்.

சனிக்கிழமை காலை விருமாண்டி திருப்பரங்குன்றம் கிளம்பினார். பெரியார் நிலையத்தில் இறங்கி பஸ் மாறினார். பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட்டை மடித்துக் காதில் சொருகியிருப்பதைப் பார்த்து, அது இன்றைய டிக்கெட்தானா என்று உற்றுப் பார்த்தார். இன்றையதுதான்.

அசோக்குமார் வீடு தண்டவாளத்துக்கு மேற்கே மூன்றாவது தெரு. விருமாண்டி வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றி வளைத்து வந்தார். பால் பூத்துக்காரர், "நல்ல குடும்பம் சார்" என்றார். சலூன்காரர், "அசோக்கா? ரொம்ப நல்ல டைப்" என்றார். விருமாண்டி படியிறங்கி, பின்னாலிருந்து கூப்பிடுவாரென்று பத்து எண்ணும்வரை நின்றார். சலூன்காரர் கூப்பிடவில்லை, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். தண்ணீர்க் கேன் போடுகிறவர், "அந்தண்ணன் கேனை அவரே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு சார்" என்றார். பஞ்சர் கடை, மாவு மில், மளிகைக் கடை, எல்லா இடத்திலும் இதே பாட்டு.

விருமாண்டிக்கு வேர்த்துவிட்டது. ஆறு பேரில் ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. இது நடக்கிற காரியமா? நம்மைப் பற்றியே நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுவார்களே. யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள், தெருவே சேர்ந்து நாடகம் போடுகிறது என்று முடிவுகட்டினார். நாக்கு நுனியில் அந்த "ஆனா" வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியாக ஒருவரைப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம் என்றபோது, புங்கமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி கண்ணில் பட்டது.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் 'ரெங்கம்மாள் அயர்னிங்' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு எதுவும் காலியா இருக்கா?"

ரெங்கம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "எத்தன பேரு சார்?"

"மூணு பேரு. நானு, எங்கக்கா, மக."

"அந்தா, பச்சை கேட்டு. மாடி காலியாத்தான் இருக்கு."

"பக்கத்துல எல்லாம் எப்புடி ஆளுக?"

"அடுத்த வீடு ரயில்வேக்காரத் தம்பி வீடு. அம்மாவும் மகனும்."

"பையன் எப்புடி?"

"நல்ல பிள்ள. துணிய அதுவே கொண்டாந்து குடுக்கும், அதுவே வந்து வாங்கிட்டுப் போகும். அம்மா சேலை பழசா இருந்தா, 'பாத்துத் தேயுங்கக்கா, இத்துப்போயிருக்கு'ன்னு ஞாபகமாச் சொல்லும்."

"சட்டைப் பையில எல்லாம்..." என்று விருமாண்டி மெதுவாக நூல் விட்டார்.

"சிகரெட் தூளு கெடக்கான்னு கேக்குறீகளா? இல்ல." அவள் வேட்டியை மடித்து வைத்துவிட்டு அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "அண்ணே, நீங்க வீடு பாக்க வரல."

விருமாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எத வச்சுச் சொல்ற?"

"வீடு தேடி வாரவுக மொதல்ல தண்ணியத்தான கேப்பாக? நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது, போர்த் தண்ணி உப்பா, மோட்டார் தனியான்னு கேட்டுத்தான் வாடகையவே கேப்பாக. நீங்க வந்து எம்புட்டு நேரமாச்சு? தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆளுகளையே கேக்குறீக. பொண்ணு வீடுதான?"

இருபத்தைந்து வருடம். எத்தனை ஊர், எத்தனை தெரு. ஒரு இடத்திலாவது தண்ணீரைப் பற்றிக் கேட்டோமா என்று விருமாண்டி யோசித்துப் பார்த்தார். கேட்டதே இல்லை. அப்படியானால் அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருந்ததா? தான் ஏமாற்றியதாக நினைத்த அத்தனை இஸ்திரிக்காரர்களும் பால்காரர்களும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார்களா? அவர்கள் சொன்னதெல்லாம் பொய்யாகவும் இருக்கலாமே.

"தெரிஞ்சா அப்பறம் எல்லாரும் நல்லவிதமாத்தான சொல்லுவாக?" என்று கேட்டேவிட்டார். "அத எப்புடி நம்புறது?"

ரெங்கம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் தெளித்த சட்டையை அப்படியே விட்டாள். "நல்லாருக்குண்ணே நீங்க பேசுறது. வீடு தேடி வாரவுககிட்ட வேணா ஒண்ணு ரெண்டு பொய் சொல்லுவோம். ஒரு பொண்ணு வந்து வாழப்போற எடம்னு தெரிஞ்சதுக்கப்புறம் எவளாவது வாய் கூசாமப் பொய் சொல்லுவாளா? நாங்களும் பிள்ளையப் பெத்தவுகதான?"

விருமாண்டிக்குச் சிலைமானில் அந்தக் கை நடுங்கும் பையனைப் பற்றிச் சொன்ன சலூன்காரர் நினைவுக்கு வந்தார். பெண் வீட்டுக்காரன் என்று தெரிந்துகொண்டேதான், தன் தினசரி வாடிக்கை போனாலும் போகட்டும் என்று அந்த மனிதர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்று இத்தனை வருடம் பந்திக்குப் பந்தி சொல்லித் திரிந்ததை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களை எனக்கு முன்னாடியே தெரியும்ணே" என்றாள் ரெங்கம்மாள். வண்டிக்குள் கைவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். பெரிய துணிப்பையோடு ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படம். அதற்குப் பின்னால் விருமாண்டியின் வீட்டு கேட்.

அன்றைக்கு அவர் பார்த்தது பையை. முகத்தை மனதில் வாங்கவே இல்லை.

"நீயா அது?"

"நாந்தான். இந்தப் படத்த ஒங்க பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரரு காட்டுனாரு. என்னையத் தனியா யாரும் போட்டோ எடுத்ததே இல்லண்ணே. நல்லா விழுந்திருந்துச்சா, அனுப்பச் சொல்லி வாங்கிக்கிட்டேன்."

"வேவு பாக்கத்தான் வந்தியா அப்ப?"

"பின்ன? அந்தத் தம்பியோட அம்மா, 'நீ போயி நாலு பேருகிட்டக் கேட்டுட்டு வா ரெங்கு, துணி தேய்க்கிறவ கண்ணுக்குத் தப்பாது'ன்னு அனுப்புச்சு. நீங்க மட்டுந்தான் விசாரிக்கணுமா?"

விருமாண்டிக்கு முதலில் வந்தது பயம். ஊரையெல்லாம் விசாரித்தவருக்கு, தன்னையும் ஒருவர் விசாரிக்கக்கூடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யாரிடம் கேட்டிருப்பாள்? என்ன சொல்லியிருப்பார்கள்? மகளின் கல்யாணம் இப்போது தன் கையில் இல்லை, இவள் வாயில் இருக்கிறது என்பது புரிந்தது.

"எங்க தெருவுல என்ன சொன்னாக?" குரல் அவருக்கே பிடிக்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"நல்லாத்தான் சொன்னாக. பொண்ணு தங்கம்னாக. அத்தைக்காரிய அம்மா கணக்கா வச்சுப் பாக்குதாம். நீங்க குடிக்க மாட்டீக, நேர்மையான ஆளு, பாம்பு கடிச்சவரத் தூக்கிட்டு ஓடுனீகளாம்."

விருமாண்டிக்கு மூச்சு வந்தது. வழக்கம்போல் அடுத்த நொடியே, இவ்வளவு நல்லதாகச் சொன்னார்களா என்று சந்தேகமும் வந்தது. சரி, இத்தோடு தப்பித்தோம் என்று, "அப்ப நான் வாரேம்மா" என்று திரும்பினார். பத்தடி நடந்திருப்பார்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வாசல்களில் அந்த ஒரு கூப்பிடலுக்காகக் காத்து நின்றிருக்கிறார். இன்றைக்குத்தான் அது வராமல் இருந்திருக்கலாமே என்றிருந்தது.

ரெங்கம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தாள். "சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நான் கெளம்பி பஸ்ஸு ஏறப் போகையில டீக்கடைக்காரரு கூப்புட்டு ஒண்ணு சொன்னாரு. 'அந்தப் புள்ள இந்த பஸ் ஸ்டாப்புலதாம்மா சிரிக்கும். வீட்ல சிரிச்சா அவுங்கப்பா எதுக்குச் சிரிச்சேன்னு விசாரிப்பாரு'ன்னு."

விருமாண்டி திரும்பி நடந்து வண்டியருகே வந்தார்.

"நான் அந்தத் தம்பியோட அம்மாகிட்ட இதச் சொல்லல. பொண்ணு நல்ல பொண்ணு, சீக்கிரமாக் கூட்டியாந்துருங்கன்னு மட்டும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் யார் டிக்கெட்டையும் அவர் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் சுருளியைப் பற்றித்தான் நினைப்பு. அவனுக்கு என் மேல் காட்டம், கடைப் பெஞ்சை ரோட்டில் போட்டதற்குக் குழுவில் புகார் எழுதினேன் அல்லவா, அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று பழங்காநத்தம் வரும்வரை தனக்குத்தானே வழக்காடினார். ஆனால் காட்டம் இருப்பவன் அதைக் கேட்டபோதே சொல்லியிருப்பானே. கிளம்பிப் போகிறவளைக் கூப்பிட்டு எதற்குச் சொன்னான்? அவனுக்கு அதில் என்ன லாபம்? இருபத்தைந்து வருடமாக ஊரையெல்லாம் அளந்த அளவுகோலை வைத்து அளந்தால், சுருளி சொன்னது உண்மை. வேறு யாருடைய வீட்டைப் பற்றியாவது இப்படி ஒரு வார்த்தை கிடைத்திருந்தால், அந்த வீட்டில் பெண் கொடுக்காதே என்று அவரே சொல்லியிருப்பார்.

இருந்தாலும் விருமாண்டி விருமாண்டிதானே, நேரில் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஐந்தரை மணிக்கே நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரேயிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போய் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பழைய மின்கட்டண ரசீது ஒன்றை மூன்று காப்பி எடுக்கச் சொன்னார். அவருக்கு அது எதற்கும் தேவையில்லை.

ஆறு மணி பஸ் வந்தது. பல்கலைக்கழகப் பிள்ளைகள், கீரைக்கூடைக்காரிகள், வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தடுக்க ஆளில்லாத, வயிற்றிலிருந்து கிளம்பி வருகிற சிரிப்பு. பொது இடத்தில் யாரது இப்படிச் சிரிப்பது என்று சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார்.

சுபலட்சுமி.

கூட வேலை பார்க்கும் ஆர்த்திகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆர்த்திகா இன்னும் ஏதோ சொல்ல, "போதும்டி, போதும்டி" என்று கண்ணைத் துடைத்தாள். சுருளி கடையிலிருந்து பார்த்துத் தானும் சிரித்தார். பெற்ற மகளின் சிரிப்புச் சத்தத்தை அடையாளம் தெரியாமல் ஒருவர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ஆர்த்திகா ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். சுபலட்சுமி தெருவைப் பார்த்து நடந்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. தெருமுனைக் கம்பத்துக்கு, அந்தக் கேமரா இருக்கும் இடத்துக்கு வந்ததும் துப்பட்டாவைச் சரிசெய்தாள், பையை நேராக்கினாள், முகத்தையும் அதோடு சேர்த்துச் சரிசெய்துகொண்டாள். அதன்பிறகு போனது அவருக்குத் தெரிந்த அந்த அமைதியான பெண்.

அரைமணி நேரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனார். அன்னக்கொடி காப்பியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். சுபலட்சுமி சமையலறை நிலைப்படியில் ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"ஆறு பேருகிட்டக் கேட்டேன். ஏழாவதா ஒரு அம்மாகிட்டயும் கேட்டேன். நல்ல பையன்னு சொன்னாக."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். விருமாண்டி காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஆனா?" என்றாள் அன்னக்கொடி.

"ஆனா எதுவும் இல்லக்கா. நாளைக்குத் தரகர் சங்கிலிய வரச் சொல்லு. பேசி முடிச்சுருவோம்."

சுபலட்சுமி நம்பவில்லை. அவர் மகள் அல்லவா? அவளும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று கரண்டியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவரிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க ஒரு கூத்து நடந்துச்சு தாயி" என்று ஆரம்பித்தார். "இஸ்திரிக்காரம்மாகிட்டப் போயி வாடகைக்கு வீடு இருக்கான்னு கேக்குறேன். அதுக்கு அது என்ன சொல்லுது தெரியுமா? 'நீங்க வீடு தேடுற ஆளே கெடையாது, தண்ணி எப்புடி வருதுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே'ங்குது! இருபத்தஞ்சு வருசமா நானும் ஒரு தெருவுலகூடத் தண்ணியக் கேட்டதில்ல. போன எடமெல்லாம் பொண்ணு வீட்டுக்காரன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுத்தான் போயிருக்கேன்."

முதலில் அன்னக்கொடிக்குத்தான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், பொத்தியும் நிற்கவில்லை. சுபலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்பாரோ என்று பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"அதுமட்டும் இல்ல" என்றார் அவசரமாக. "நான் குழுவுல படம் போட்டேன்ல, உஷார்னு, பெரிய பையோட ஒரு பொம்பள? அதே அம்மாதான்! மாப்பிள்ளை வீட்டுல இருந்து நம்மள விசாரிக்க அனுப்பியிருக்காக. படம் நல்லா விழுந்திருக்குன்னு சொல்லி, அதப் போன்ல வச்சிருக்கு."

அவ்வளவுதான். சுபலட்சுமிக்குப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கரண்டி கீழே விழுந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்க அவள் சிரித்தாள். "அய்யோ அப்பா... ஒங்களப் போயி..." என்று சொல்ல வந்தவளால் முடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் கேட்ட அதே சத்தம் இப்போது நடுவீட்டில் கேட்டது. விருமாண்டி காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு வெள்ளைத்துரை கையில் டார்ச்சோடு அரக்கப்பரக்க வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஏதோ சத்தம் கேட்டுச்சு? வீட்ல ஏதும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார் விருமாண்டி. "எம் மக சிரிக்கிறா."